வெண்ணொளி தரும் கண்ணாடி



மன்னார்குடி வட்டாரத்துப் பெரியவர்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கை மறந்திருக்கமாட்டார்கள். திருமண ஊர்வலங்களில் அதைத் தலையில் சுமந்து நடந்தவர்களுள் நம்மவரும் உண்டு. மின்கம்பம் ஊர்த்தெருவோடு நின்றுபோன காலத்தில் நம் தெருவுக்கு அவ்வெளிச்சம் அபூர்வம். சுமந்த நமக்கு, அதன் மேண்டிலில் ஒளிர்வது எதுவென்று யாரும் சொல்லித் தந்ததில்லை. தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 99 பங்கு. சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு. இரண்டுக்கும் மூலம் மோனசைட் மணல். 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அதனை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கண்டறிந்தார். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

சீரியம் இன்றும் விளக்கை விட்டு அகலவில்லை. நீல ஒளி உமிழும் டையோடின்மீது சீரியம் கலந்த மஞ்சள் ஒளிர்பொடியைப் பிசினில் குழைத்து இடுவர். நீலமும் மஞ்சளும் கலந்து வெண்மையாகத் தோன்றும். நீல டையோடைப் படைத்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பிசின் நாள்பட்ட சூட்டில் பழுப்பேறி ஒளி மங்கும். சூடு தாங்கும் கண்ணாடியே ஒளிர்ந்தால் பிசின் எதற்கு?

இங்கேதான் டிஸ்புரோசியம் வருகிறது. 1886இல் கண்டறியப்பட்ட இவ்வருமண் தனிமத்தின் பெயருக்குக் கிரேக்கத்தில் ‘எளிதில் எட்டாதது’ என்று பொருள். இதனைக் கலந்த கண்ணாடி, புறஊதாக் கதிர் பட்டதும் 480 நானோமீட்டர் அளவில் நீலமும், 575 அளவில் மஞ்சளும் தானே உமிழும். திண்டுக்கல் மாவட்டக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினர் இத்தகைய கண்ணாடிகளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.

செய்முறை அச்சுறுத்துவதன்று. கேரம் பலகையில் தூவுகிறோமே, அந்தப் போரிக் பொடிதான் முதற்சரக்கு. மற்ற உப்புகளோடு அதைக் கல்வத்தில் அரைத்து, மூசையிலிட்டு, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் உருக்கிப் பித்தளைத் தட்டில் ஊற்றுவர். பிறகு மிதமான சூட்டில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தவறினால் வில்லை வெடித்துவிடும். டிஸ்புரோசியம் நூற்றுக்கு அரைப்பங்கு அளவே போதும். மிகுந்தால் அயனிகள் ஆற்றலைத் தமக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு ஒளியைக் குறைத்துவிடும்.

கடைத்தெரு விளக்குகளில் இக்கண்ணாடி இன்னும் இடம்பெறவில்லை. டிஸ்புரோசியம் புறஊதாக் கதிரைச் சிறிதளவே ஏற்கிறது. நம் மோனசைட்டிலோ அது மிகச் சொற்பம். வேலை மிச்சம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

உடனே வேலை கிடைக்கும் படிப்பையே நம் வீடுகள் கேட்கின்றன. அக்கவலையை நாம் அறிவோம். எனினும், இச்சங்கம் வழங்கும் உதவித்தொகையில் இயற்பியல், வேதியியல் முதுகலை பயில்வோருக்கும் ஓரிடம் ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.