பல்கலைக்கழகக் கணக்கும் உள்தணிக்கையின் சுதந்திரமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

கல்வி விழாவில் கணக்கைப் பற்றி ஏன் பேசவேண்டும் எனச் சிலர் நினைக்கலாம். ஒரு கல்வி நிலையத்தின் கணக்கு கெடுமாயின், முதலில் கெடுவது ஏழை மாணவனின் படிப்பேயாகும். உதவித்தொகை ஆறு மாதம் தாமதமானாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை படித்துவிடுவான். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பஸ் ஏறிக் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளையோ, அந்த ஆறு மாதத்தில் படிப்பை விட்டுத் தொழிற்சாலை வாயிலில் தினக்கூலிக்கு நிற்பான். ஆதலின், பல்கலைக்கழகங்களின் உள்தணிக்கை பற்றிச் சில கூற விழைகின்றேன்.

தணிக்கை இருவகைப்படும். 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் முதலிய நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்கை, அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆராய்கின்றது. இது வெளியார் செய்யும் தணிக்கை. உள்தணிக்கையோ நிறுவனம் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் காவல். டெண்டர் முறைப்படி கோரப்பட்டதா, தேர்வுக் கட்டணம் உரிய நாளில் வங்கியிற் சேர்ந்ததா, ஒன்றற்கென வந்த பணம் வேறொன்றற்குத் திருப்பப்பட்டதா, உதவித்தொகை வழங்கப்படாமல் தேங்கிக் கிடக்கின்றதா என ஆண்டு முழுவதும் பார்த்துவருவது அதன் வேலை. வெளித்தணிக்கை பெரும்பாலும் நேர்ந்த இழப்பைச் சொல்லும். உள்தணிக்கை இழப்பு நேராமல் தடுக்கும்.

இதன் தன்மையை நம் ஹார்பர் தொழிலாளர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. மூட்டைச் சரக்கு இறங்கிய காலத்தில், கப்பல் தரப்பில் ஒருவரும் கரைத் தரப்பில் ஒருவருமாக டாலி எடுத்தனர். இறக்கியவரே எண்ணவில்லை, இருவர் எண்ணிக்கையும் ஒத்தாலன்றிச் சரக்கு சரியென ஒப்புக்கொள்ளப்படவில்லை. யார்மீதும் ஐயம் கொண்டு செய்த ஏற்பாடன்று அது. யார்மீதும் வீண்பழி வாராமற் காத்த ஏற்பாடு. செய்பவன் வேறு, சரிபார்ப்பவன் வேறு என்பதே தணிக்கையின் முதல் விதி.

இனி, சுதந்திரத்திற்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் உள்தணிக்கையாளர் நிதி அலுவலருக்குக் கீழ்ப்பட்டவராக இருந்து, அவருடைய கணக்கையே ஆராய்ந்து, அறிக்கையையும் அவரிடமே கொடுப்பாராயின், அவ்வறிக்கை மேசை இழுப்பறையைத் தாண்டுமா? அவருடைய பதவி உயர்வும் இடமாற்றமும் பிறர் கையில் இருக்கும்போது, அவர் பேனா எவ்வளவு தூரம் ஓடும்?

இக்கேள்விக்கு அண்ணல் அம்பேத்கர் அன்றே விடை கண்டார். அவர் சட்ட மேதை மட்டுமல்லர்; நிதியியல் அறிஞருமாவார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது ஆய்வுநூல் 1923-இலும், மாகாண நிதி பற்றிய நூல் 1925-இலும் வெளிவந்தன. 1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் பதவியே அரசியலமைப்பில் மிக முக்கியமான பதவி எனலாம் என்ற கருத்தை அவர் வெளியிட்டார்.

அப்பதவிக்குச் சட்டம் அமைத்த அரண்களைக் காண்மின். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையாலன்றி அவரை நீக்கலாகாது. பதவியிலிருக்கையில் அவர் ஊதியத்தைக் குறைக்கலாகாது. ஓய்வுக்குப்பின் அவர் மத்திய, மாநில அரசுகளில் வேறு பதவி ஏற்கலாகாது. அவரது அறிக்கை, செலவு செய்தவரிடம் நின்றுவிடாமல், நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்கப்படல் வேண்டும்.

இவ்வரண்களையே சிறு அளவிற் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு வருதல் வேண்டும். உள்தணிக்கையாளரின் அறிக்கை ஆட்சிக்குழுவிற்கு நேரே செல்லவேண்டும். எந்தக் கோப்பையும் கேட்டுப்பெறும் உரிமை அவருக்கு வேண்டும். ஆட்சிக்குழுவின் இசைவின்றி அவரை மாற்றலாகாது. அவரும் தாமே பில்லுக்கு ஒப்புதல் அளித்துவிட்டுத் தாமே அதனைத் தணிக்கை செய்யலாகாது.

இஃது அயல்நாட்டுச் சரக்கன்று. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என விதிக்கின்றது. அது பிராமணர் சபை. நம் முன்னோர்க்கு அங்கே இடமில்லை. எனினும் விதி நல்ல விதி; நாம் எடுத்துக்கொள்வோம்!

கணக்கில் எழும் சிக்கல் எத்துணைத் துன்பம் தரும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2024 பிப்ரவரியில், சுமார் 424 கோடி ரூபாய் வரி நிலுவை எனக் கூறி, வருமானவரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கிற்று. பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரியும் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியும் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதை எண்ணுங்கால், அது நம் வீட்டுச் செய்தியன்றோ!

தணிக்கையால் நமக்கு விளையும் நன்மைக்கும் சான்று உண்டு. தமிழ்நாடு உள்ளிட்ட 5 மாநிலங்களில், ஆதிதிராவிட மாணவர்க்குரிய உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் 2012 முதல் 2017 வரை நடந்த முறையைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஆராய்ந்து, 2018-இல் அறிக்கை அளித்தார். தொகை காலந்தாழ்ந்து சேர்ந்தமை அதில் பதிவாயிற்று. நாம் தெருவில் நின்று சொன்னால் முறையீடு எனப்படும். தணிக்கையர் எழுதினால் அரசு விடை கூறியாக வேண்டும்.

இளைஞர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப்பெற்றுப் படியுங்கள். எத்தனை தணிக்கைத் தடைகள் எழுந்தன, எத்தனை தீர்ந்தன எனக் கேளுங்கள். வணிகவியல் பயில்வோர் தணிக்கைத் துறைத் தேர்வுகளை எழுதுங்கள். கணக்கை எழுதும் இடத்தில் மட்டுமன்றி, அதனைச் சரிபார்க்கும் நாற்காலியிலும் நம்மவர் அமர்தல் வேண்டும்.

முதலில் நம் சங்கத்திலிருந்தே தொடங்குவோம். உண்டியலில் விழும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு தொழிலாளியின் வியர்வை. பொருளாளர் எவ்வளவு நல்லவராயினும், அவரைச் சாராத இருவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்கைப் பார்த்துப் பொதுக்குழுவில் படிக்கட்டும். இதனை ஐயமெனக் கொள்ளாது, அவருக்குச் செய்யும் மரியாதையெனக் கொள்வோமாக. பிறரிடம் கணக்குக் கேட்கும் தகுதி, தம் கணக்கைத் திறந்து வைப்பவர்க்கே உரியது.