கூரை பிரிக்குமுன்

தை, மாசி மாதங்கள் பிறந்துவிட்டால் திம்புள்ளப் பகுதியிலே வானம் தெளிகிறது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட இம்மலைச் சரிவுகளிலே வறண்ட குளிர்காற்று வீசும் அந்நாட்களிலேதான் மணம் மிகுந்த தேயிலை கிடைக்கிறது. லயங்களிலே சுத்தியல் ஓசை கேட்பதும் அந்நாட்களிலேதான். வைகாசியிலே தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் ஒழுகும் கூரையை அடைத்துவிட வேண்டும் என்பது குடும்பத் தலைவனின் கவலை. தோட்ட நிருவாகத்திடம் சொல்லிவைத்த வேலை நடக்கும்வரை காத்திருக்க அவனால் முடிவதில்லை. கூலிக்கு ஆள் அமர்த்த வசதியும் இல்லை. ஆகவே, ஓய்வு நாளொன்றில் அவனே ஏணியைச் சாத்துகிறான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், ஏறுமுன் அவன் அறிந்திருக்க வேண்டியவை சில உள.

முதலாவது, அஸ்பெஸ்டஸ் தகடு ஆளைத் தாங்காது. பார்வைக்கு அது கல்லைப் போன்றது. ஆனால், பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்து நலிந்த தகடு, கால் வைத்தவுடன் ஓர் ஓசையுமின்றிப் பிளந்துவிடக் கூடும். ஆணி வரிசையில் மிதித்தால் அபாயமில்லை என்ற நம்பிக்கையும் பிழையே. இயன்றவரை கீழிருந்தே வேலை செய்வது நலம். மேலே செல்லத்தான் வேண்டுமெனில், குறுக்கு மரங்கள் பலவற்றின் மேல் படியும்படி அகன்ற பலகையை இட்டு, அதன் மேல் நிற்க வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற அளவில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். பாசி படர்ந்த ஈரக் கூரையில் ஏறவே கூடாது.

இரண்டாவது, தூசி. அஸ்பெஸ்டஸ் தகடு சீமெந்தோடு நுண்ணிய நார்களைச் சேர்த்துச் செய்யப்படுவது. முழுத் தகடாகக் கிடக்கும்வரை அந்நார்கள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதை வாளால் அறுத்தாலும், துளைத்தாலும், கம்பித் தூரிகையாற் பாசியைச் சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றிலே கலக்கும். சுவாசப்பையிற் புகுந்த நார் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை விளைவிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தொழிற்சாலையிற் காலடி வையாதவர்களும், அங்கு வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த காரணத்தால் நோயுற்றதை, 1965இல் லண்டனிலிருந்து வெளியான ஆய்வொன்று எடுத்துக் காட்டியது. தந்தையின் உடையிலே வந்த தூசி வீட்டாரையும் தாக்கியது.

இந்தத் தகட்டுக்கும் திம்புள்ளைத் தேயிலைக்கும் ஒரு தொடர்புண்டு. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடுக்க இலங்கை அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரிலே, தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று கூறி, ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதியில் முன்னிற்கும் நாடு ரஷ்யாவே. சில நாட்களுள் இலங்கை தன் தடையைத் தளர்த்தியது. ரஷ்யாவும் தன் தடையை நீக்கியது. கொழுந்து கொய்பவளின் உழைப்பும் அவள் தலைக்கு மேலுள்ள கூரையும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

ஆகவே, பழந்தகட்டைத் தொடுமுன் அதை நீரால் நன்கு நனைக்க வேண்டும். உடைக்காமல் ஆணியைக் கழற்றி, முழுத் தகடாகவே கயிற்றிற் கட்டி இறக்க வேண்டும். துண்டுகளைத் தடித்த பொலித்தீனிற் சுற்ற வேண்டும். இஸ்தோப்பின் குழியை நிரப்பவோ அடுப்புக்கு மறைப்பாகவோ பயன்படுத்தலாகாது. தரையைத் துடைப்பத்தாற் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வாயிற் கட்டிய கைக்குட்டை இந்நாரைத் தடுக்காது; நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசமே வேண்டும். வேலை உடையை நனைத்துத் தனியே துவைக்க வேண்டும். குழந்தைகள் அவ்விடத்தில் நிற்கக் கூடாது.

மூன்றாவது, மின்சாரம். காம்பராவுக்குக் காம்பரா இழுத்த பழங்கம்பி, தகரக் கூரையில் உராய்ந்தால் கூரை முழுவதும் மின்னேறும். பிரதான சுவிட்சை நிறுத்தாமல் கை வைக்கலாகாது. கம்பி வேலையை அத்தொழில் கற்றவரிடமே விட வேண்டும். ஒரு காம்பராவிற் பற்றிய தீ, பொதுக் கூரையின் வழியே முழு லயத்தையும் எரித்த நிகழ்ச்சிகள் மலையகத்துக்குப் புதியவை அல்ல.

நான்காவது, மண். தனி வீடு பெற்றோரும் குசினியை நீட்டுவதற்குப் பின்புறத்து மண்மேட்டை வெட்டுகின்றனர். 2014 அக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலும் மண் சரிந்து பல உயிர்களைக் கொண்டது. சரிவின் அடியை வெட்டுவது அதைத் தாங்கும் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். மண்வெட்டியை எடுக்குமுன் கிராம அலுவலர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேட்க வேண்டும். நிலத்திலே புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி ஊறும் நீர் ஆகியவற்றைக் கண்டால், பொருளைப் பாராமல் வெளியேற வேண்டும்.

தனி வீட்டுக்காரன் தவறினால் துன்பம் பெரும்பாலும் அவன் வீட்டோடு நிற்கும். லயத்தில் அவ்வாறன்று. ஒருவன் உடைத்த தகட்டின் தூசி அடுத்த காம்பராவின் தொட்டிலிலும் படியும். எனவே, கூரை பிரிக்குமுன் அயலாரிடம் ஒரு சொல் சொல்லி, அவர்களையும் துணைக்கு அழைப்பது நன்று. நிருவாகத்திடம் எழுத்திலே கேட்பதையும் அவர்கள் ஒன்றாகவே செய்யலாம். ஒழுகும் கூரை ஒரு மழைக்காலத்தின் துன்பம். கூரையிலிருந்து விழுந்த தந்தையை இழந்த வீட்டுக்கோ எல்லாக் காலமும் மழைக்காலமே.