ஈஸ்ட்ரோஜன் தங்கும் இடம்



ஈஸ்ட்ரோஜன் என்றதும் மாதவிடாயும் கர்ப்பமும்தான் நினைவுக்கு வரும். அந்த ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. ஆனால் எல்லா உறுப்பும் அதற்கு ஒரே மாதிரி அசைந்து கொடுப்பதில்லை. ஏன்?

1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எல்வுட் ஜென்சன் இதற்கு விடை தேடினார். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனைத் துளியூண்டு எடுத்து இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தி, உறுப்பு உறுப்பாக அளந்து பார்த்தார். தசையிலிருந்து அது சீக்கிரமே வெளியேறிவிட்டது. கருப்பையிலோ மணிக்கணக்கில் தங்கியது. அங்கே அதைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம் இருந்தது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் அது செல்லின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பீட்டா என்ற இரண்டாவது வகை ஏற்பி 1996இல் தெரியவந்தது; முதலாவதற்கு ஆல்ஃபா என்று பெயர்.

ஆல்ஃபா ஏற்பி இல்லாமல் ஆய்வகத்தில் பிறந்த பெண் எலிகள் கருத்தரிக்கவே இல்லை. அதோடு போகவில்லை. உடம்பில் கொழுப்பு ஏறியது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. இத்தனைக்கும் அவற்றின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏராளம்! மூளை, கல்லீரல், எலும்பு, கொழுப்புத் திசு என எங்கும் இருக்கவேண்டிய இந்த ஏற்பி அவற்றில் இல்லாததே காரணம்.

பெண்களுக்கோ மாதவிடாய் நின்றபின் ஏற்பி இருந்தும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, எலும்பு தேய்கிறது. இதற்கு அம்மா சாப்பிடுவதை மட்டும் குறை சொல்வது அநியாயம். தாய்மார்களே, அந்த வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு மூன்றையும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.