சும்மா கிடக்கிற நிலத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார். "எங்க ஊர்ல களத்துமேட்டை நாலு பேரு வந்து டேப் பிடிச்சு அளக்கறாங்க. யாரு உத்தரவுன்னு கேட்டா யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. இதையெல்லாம் எங்க உக்காந்துதான் முடிவு பண்றாங்க?" அன்றைக்கு நேரம் இல்லாததால் கடன் வசூல் பற்றிப் பேசி முடித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இன்றைக்கு வேறு விஷயம் வேண்டாம், இதையே பேசுவோம்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் நம் கூட்டமைப்பு ஊர் ஒன்றில் ஏழு குழுக்கள் சேர்ந்து சொந்தக் கட்டடம் வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான ஆசை. வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டு, மழை வந்தால் நோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுகிற பாடு உங்களுக்குத் தெரியாததா? ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கர் சொச்சம் இருந்தது. கருவேல முள் மண்டிக் கிடந்தது. "அது சும்மாதானே கெடக்கு, அதுல அஞ்சு சென்ட் கேப்போம்"னு சொன்னாங்க. நானே மனு எழுதினேன். 'பயன்பாடு இன்றிக் கிடக்கும் உபரி நிலம்' என்று என் கையால் எழுதினேன். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் ஆயிற்று. எல்லாரும் கை தட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து, கிராம நிர்வாக அலுவலர் அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் குழு உறுப்பினர் ஒருவரே என்னைத் தேடி பஸ் ஏறி வந்தார். கணவர் இறந்தவர், பதினோரு ஆடு வைத்துப் பிழைக்கிறவர். அவர் சண்டை போடவில்லை. "ஏம்மா, கட்டடம் கட்டுனா எங்க ஆடு எங்கம்மா நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நிலம் மேய்க்கால் புறம்போக்கு. நான் பட்டம் படித்தவள், அதைப் பார்க்கவில்லை. முள் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் அங்கே நாற்பது ஐம்பது ஆடு மேய்வதை, பஸ்ஸில் பத்து மணிக்கு வந்து இறங்குகிற நான் எப்படிப் பார்த்திருப்பேன்? அந்த அக்காவும் கிராம சபைக்கு வந்திருந்தார், பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் தீர்மானத்தில் இருந்தது சர்வே எண் மட்டும்தான். அந்த எண் தன் ஆடு மேய்கிற இடம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, இப்போது அந்தக் களத்துமேடு அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்?

ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் பதில். அதனால்தான் யாரைக் கேட்டாலும் "நான் இல்லை" என்கிறார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. ஒருவர் மனு கொடுக்கிறார், அல்லது ஒரு துறை இடம் கேட்கிறது. அந்தக் காகிதம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கி, கடைசியில் நம் ஊர் வி.ஏ.ஓ. கைக்கு வரும். அவர் இடத்தைப் பார்த்து, வரைபடம் வைத்து, 'இது இன்ன வகை நிலம், ஆக்கிரமிப்பு உண்டு அல்லது இல்லை, ஆட்சேபணை உண்டு அல்லது இல்லை' என்று எழுதி மேலே அனுப்புவார். அதே காகிதம் வந்த வழியே ஏறிப்போகும். நிலத்தின் வகை, பரப்பு, மதிப்பு இவற்றைப் பொறுத்து ஆட்சியரோடு நின்றுவிடலாம். சென்னையில் நில நிர்வாக ஆணையர் வரைக்கும், அரசு வரைக்கும்கூடப் போகலாம். மேலே இருப்பவர் நம் களத்துமேட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். கீழே எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தைத்தான் பார்ப்பார். அந்த இரண்டு பக்கத்தில் 'பொதுமக்கள் ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி இருந்தால், அவரைப் பொறுத்தவரை ஊரே சம்மதித்துவிட்டது.

ஆக, டேப் பிடிக்கிற அன்றைக்கு நாம் போய் மறிப்பது கடைசி நேரம். அந்த ஒரு வரி எழுதப்படுகிற நேரம்தான் நம்முடைய நேரம்.

அந்த நேரம் எப்போது வரும்? நிலத்தை ஒப்படை செய்வதற்கு முன்னால் ஆட்சேபணை கேட்டு ஊரில் அறிவிப்பு செய்ய வேண்டும். ஏ-1 நோட்டீஸ் என்பார்கள். முன்பெல்லாம் இதற்குத் தண்டோரா போடுவார்கள். 2022-ல் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி அரசே கூறிவிட்டது. ஒரு மனிதரை அப்படித் தப்படிக்க வைத்தது தவறுதான், நின்றது நல்லது. ஆனால் அதற்குப் பதிலாக ஒலிபெருக்கி எல்லா ஊரிலும் வருகிறதா? சுவரில் ஒட்டுகிற காகிதத்தோடு முடிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு குழுவும் வாரம் ஒருமுறை ஒருவரை அனுப்பி அந்தச் சுவரைப் படித்துவரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அனுப்பினாலும் போதும். அதில் குறித்திருக்கிற நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

அடுத்து, நிலத்தின் வகை. சும்மா கிடக்கிறது என்று நாம் சொல்கிற நிலத்துக்கு எல்லாம் அரசாங்கப் புத்தகத்தில் ஒரு பேர் இருக்கிறது. அந்தப் புத்தகம் அ-பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேராக நஞ்சையா, புஞ்சையா, தரிசா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் மேய்க்காலா, களத்துமேடா, ஓடையா, மயானமா என்று எழுதியிருக்கும். இணையதளத்தில் பார்க்கலாம், மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வந்துவிடும். மற்ற கோப்புகளின் நகல் வேண்டும் என்றால் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மேய்ச்சல் நிலம், களத்துமேடு, மயானம், மந்தை, தோப்பு மாதிரியான புறம்போக்குகள் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும் என்று 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. அதற்காக ஊராட்சித் தலைவர் அதை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பட்டா தருகிற அதிகாரம் வருவாய்த்துறைக்குத்தான். அதேபோல், அந்த நிலத்தை ஊராட்சியின் பொறுப்பில் இருந்து ஆட்சியர் எடுக்க வேண்டும் என்றாலும் ஊராட்சியைக் கலந்து பேசித்தான் எடுக்க வேண்டும். குளம், ஏரி என்றால் இன்னும் கண்டிப்பு. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள்.

இன்னொரு வழக்கையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ரோஹர் ஜாகிர் என்று ஒரு கிராமம். அங்கே ஊர்க் குளத்தை மண் போட்டு மேடாக்கி சிலர் வீடு கட்டிவிட்டார்கள். 'கட்டியது கட்டியாச்சு, நிலத்துக்கு விலையை வசூல் செய்துவிட்டு விட்டுவிடலாம்' என்ற மாதிரி அங்கிருந்த கலெக்டரே முடிவு சொல்லிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரி 28-ந் தேதி தீர்ப்பு. பணம் கட்டினால் ஊர்ப் பொது நிலம் சொந்தமாகிவிடாது, ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று சொன்னார்கள். நிலமில்லாத கூலித் தொழிலாளிகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அரசு குத்தகைக்குக் கொடுத்த இடம், ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருந்தகம் போன்றவை நடக்கிற இடம் இவற்றுக்கு மட்டும் விலக்கு சொன்னார்கள். ஆக்கிரமிப்பு எவ்வளவு வருஷம் பழையது, எவ்வளவு செலவு செய்து கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சாக்கு ஆகாது. ஜக்பால் சிங் வழக்கு என்று பேர். மனு எழுதும்போது இந்தப் பேரையும் வருஷத்தையும் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். வாங்குகிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

டவுனுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வேறு தொல்லை. கொடி கட்டி, கல் நட்டு, வயலெல்லாம் மனை ஆகிறது. அது தனியார் நிலம்தானே, நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். விளைநிலத்தை மனையாக மாற்றுவதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். நஞ்சையாக இருந்தால் அதற்குத் தனி விசாரணை உண்டு. வாய்க்கால் எங்கே போகிறது, கடைமடைக்குத் தண்ணீர் நிற்குமா என்று அப்போதே நாம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, சீட்டுப் பணத்தைப் போட்டு மனை வாங்கிய நம் உறுப்பினர்கள் சிலர் பத்திரத்தை வைத்துக்கொண்டு தவித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

மனைப்பிரிவில் நமக்கு ஒரு பங்கும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு இடத்துக்கு என்று உள்ளாட்சிக்கு தானப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். வரைபடத்தில் மரம் வரைந்து அழகாகக் காட்டியிருப்பார்கள். மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கே கடை இருக்கும், இல்லை பாதியை ஒருவர் வேலி போட்டிருப்பார். அந்த இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்கள் ஊராட்சியில் இப்படி எத்தனை இடம் தானமாக வந்திருக்கிறது, இப்போது எப்படி இருக்கிறது? கிராம சபையில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

கிராம சபை பற்றி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த நூறில் அறுபது எழுபது பேர் நாம்தான். ஆள் சேர்க்க நம்மைக் கூப்பிடுகிறார்கள், குழு வாரியாக உட்கார வைக்கிறார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்மானம் எழுதுவது நாம் எழுந்து போன பிறகு. அதனால் ஒன்று செய்யுங்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் எழுந்திருப்போம் என்று சொல்லுங்கள். நிலம் பற்றி என்றால் சர்வே எண்ணோடு ஊரில் வழங்குகிற பேரையும் எழுதச் சொல்லுங்கள். 'ஆட்டுப்பாறைக்குக் கிழக்கே', 'மாரியம்மன் கோயில் களம்' என்று இருந்தால் படிக்காதவருக்கும் புரியும். அப்படி எழுதியிருந்தால் 2018-லேயே அந்த அக்கா அங்கேயே எழுந்து நின்றிருப்பார், எனக்கும் இந்தத் தலைகுனிவு வந்திருக்காது.

அந்த ஊரில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஆடு வைத்திருந்த 23 பெண்கள் ஆட்சேபணை மனு கொடுத்தார்கள். அதையும் நான்தான் எழுதினேன். முதல் மனுவை எழுதியதும் நானே என்று தாசில்தார் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆய்வுக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிக் கேட்டோம், வந்தார்கள், ஆடுகளைக் கண்ணால் பார்த்தார்கள். கட்டடத்துக்கு இடம் தர இயலாது என்று பதில் வந்தது. குழுத் தலைவிகள் இரண்டு பேர் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. கையெழுத்து வாங்க வீடு வீடாக அலைந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் ஊர் நடுவில் பூட்டிக் கிடந்த பழைய டி.வி. ரூமைக் கேட்டோம். ஊராட்சிக் கட்டடம், ஓடு உடைந்து பாம்பு குடியிருந்தது. ஊராட்சியில் தீர்மானம் போட்டுக் குழுக்கள் பயன்படுத்தக் கொடுத்தார்கள். ஓட்டை மாற்றி, வெள்ளையடித்து, இப்போது அங்கேதான் கூட்டம். இடம் சின்னது, முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. பெரிய கட்டடம் வேண்டும் என்ற கோரிக்கை அப்படியேதான் இருக்கிறது.

களத்துமேடு கேள்வி கேட்ட அக்கா வந்திருக்கீங்களா? உங்க ஊர் அ-பதிவேட்டு நகலை எடுத்துட்டு வந்திருக்கேன். இன்னும் நாலு ஊருக்கும் இருக்கு. டீ குடிச்சிட்டு வாங்க, அந்த மூலை மேசையில உக்காந்து உங்க களம் எந்த எண்ணுல இருக்குன்னு சேர்ந்து தேடுவோம். கண்ணாடி போடறவங்க கண்ணாடியை எடுத்துட்டு வாங்க, எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு.