ஊரார் கை பட்ட கட்டிடம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம், நூலகம் முதலிய பொதுக் கட்டிடங்களைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். எத்தனை சதுர அடி, எவ்வளவு மதிப்பீடு, எந்த மாதத்திற்குள் முடியும் என்பவையே நம் பேச்சாக இருக்கின்றன. அக்கட்டிடம் யாருடையது என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. உலகறிந்த இரு கட்டிடக் கலைஞர்களின் அனுபவத்தைக் கொண்டு இன்று அக்கேள்வியை ஆராய்வோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா பாசோ என்றொரு நாடு உண்டு. கடற்கரை இல்லாதது, வெப்பம் மிகுந்தது, வறுமை வாட்டுவது. அந்நாட்டில் காண்டோ என்னும் சிற்றூரின் தலைவருக்கு 1965-ஆம் ஆண்டில் மகனாகப் பிறந்தவர் பிரான்சிஸ் கேரே. ஊரில் பள்ளி இல்லாமையால் ஏழாம் வயதில் வேற்றூருக்கு அனுப்பப்பட்டார். காண்டோவிலிருந்து பள்ளிக்குச் சென்ற முதற்பிள்ளை அவரே. சிமிண்டுக் கல்லால் எழுப்பிய, காற்றும் வெளிச்சமும் புகாத அறையில், நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுடன் புழுங்கியபடியே அவர் பாடம் கற்றார்.

விடுமுறை கழிந்து அவர் புறப்படும்போதெல்லாம் ஊர்ப் பெண்கள் தம் ஆடையில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசை எடுத்து அவர் கையில் வைப்பார்களாம். காரணம் என்னவென்று தாயைக் கேட்டார். மகனுடைய படிப்பில் ஊரார் செலுத்தும் பங்கு அது என்றும், அவன் முன்னேறி வந்து ஊருக்கு உதவுவான் என்று அவர்கள் நம்புவதாகவும் தாய் விளக்கினார். அக்கடனை அவர் மறக்கவில்லை.

1985-இல் தச்சுத்தொழில் கற்க உதவிச் சம்பளம் பெற்று ஜெர்மனி சென்றார். பகலில் கூரையும் மேசை நாற்காலியும் செய்யக் கற்றார். இரவில் உயர்நிலைக் கல்வி பயின்றார். பின்னர் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்தார். பட்டம் பெற்றது 2004-இல். ஆனால் அதற்கு முன்பே, மாணவராக இருந்தபோதே, நண்பர்களிடம் நன்கொடை திரட்டித் தம் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியைக் கட்டி 2001-இல் முடித்துவிட்டார்.

அவ்வேலை எளிதாக நடந்துவிடவில்லை. மண்ணால் கட்டுவோம் என்று அவர் சொன்னதும் ஊரார் முகம் சுளித்தனர். மேனாட்டில் படித்தவன் நகரத்துக் கட்டிடம்போல ஒன்று கட்டித் தருவான் என்றல்லவா அவர்கள் எதிர்பார்த்திருந்தனர்? மண் சுவர் மழைக்குக் கரையும் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. கேரே அதைப் பழமை என்று தள்ளவில்லை, அதட்டவும் இல்லை, செய்து காட்டினார். மாதிரிக்கு ஒரு மண் வளைவு எழுப்பி, அதன்மேல் ஆட்கள் ஏறி நிற்க, அது தாங்குவதை ஊரார் கண்ணாலேயே காணச் செய்தார்.

பிறகு ஊர் திரண்டது. அடித்தளத்துக்குச் சிறுவர்கள் கல் சுமந்தனர். பெண்கள் குடம் குடமாய்த் தண்ணீர் கொணர்ந்தனர். மண் தளத்தைக் கட்டையால் தட்டி இறுக்கி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினர். நாம் சிரமதானம் என்று சொல்வது இதுவே.

கட்டிய முறையும் அறியத் தக்கது. மண்ணுடன் சிறிதளவு சிமிண்டு கலந்து, அச்சில் அழுத்திக் கல் செய்தனர். உட்கூரையையும் அக்கல்லாலேயே அமைத்து, அனல் வெளியேற இடைவெளி விட்டனர். அதற்கு மேலே, மெல்லிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தின் மீது தகரக் கூரையை உயர்த்தி வைத்தனர். இரு கூரைகளுக்கும் இடையே காற்று ஓடும். உள்ளே சூடேறிய காற்று மேலே போக, ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும். தகரம் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால் மழைச்சாரல் மண் சுவரைத் தொடாது. இவ்வாறு ஊரார் அஞ்சிய குறைக்கே பரிகாரம் கண்டார். 120 பிள்ளைகளுடன் தொடங்கிய பள்ளி 700 பிள்ளைகள் படிக்கும் அளவுக்கு வளர்ந்தது. வேலையில் பழகிய இளைஞர்களுக்குப் பிற இடங்களிலும் பிழைப்புக் கிடைத்தது.

இச்சிறு பள்ளிக்கு 2004-இல் ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது. அதன் பின் அவர் பணி பல நாடுகளுக்கும் பரவியது. 2017-இல் லண்டன் பூங்காவில் அவர் அமைத்த மண்டபம், காண்டோ மக்கள் கூடிப் பேசும் மரத்தை நினைவில் வைத்து எழுந்தது. கென்யாவில் துர்க்கானா ஏரிப் பக்கத்தில், இளைஞருக்குக் கணினித் தொழில் கற்பிக்கும் வளாகத்தை 2021-இல் கட்டினார். கறையான் புற்றைப் பார்த்து அமைத்த உயர்ந்த கோபுரங்கள் அங்கே வெப்பக் காற்றை வெளியேற்றுகின்றன. 2022-இல் கட்டிடக்கலையின் தலைசிறந்த பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றார். அதனைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

இதற்கு மாறான ஒரு வரலாறும் உண்டு. எகிப்து நாட்டின் ஹசன் பாத்தி (1900–1989) மண் கட்டிடத்தின் பெருமையை உலகுக்கு உணர்த்திய மேதை. பழங்காலக் கல்லறைகளின் மேல் குடியிருந்த குர்னா மக்களை வேறிடத்தில் குடியேற்ற அரசு முடிவு செய்து, புதிய ஊர் அமைக்கும் பொறுப்பை 1940-களில் அவரிடம் ஒப்படைத்தது. மரச்சாரம் இன்றியே மண் வளைவு கட்ட வல்ல நூபியக் கொத்தர்களை அவர் அழைத்து வந்தார். பள்ளிவாசல், சந்தை, பள்ளி எல்லாம் அழகுற எழுந்தன. எனினும் மக்களில் பெரும்பாலோர் அங்குக் குடிவர மறுத்தனர். வேலை பாதியில் நின்றது. கலைஞரிடம் திறமைக்குக் குறைவில்லை. ஏழைகள்பால் அன்புக்கும் குறைவில்லை. ஆனால் இடம் மாற வேண்டும் என்பது ஊரார் முடிவன்று. தங்கள் பிழைப்பு பழைய இடத்தோடு பிணைந்தது என்று அவர்கள் கருதினர். இங்கும் மண்தான், அங்கும் மண்தான். ஊரார் மனம் ஒன்றில் இருந்தது, மற்றொன்றில் இல்லை.

அன்பர்களே, எகிப்துக்குப் போவானேன்? அதிகாரிகளாகிய எங்கள் மேற்பார்வையிலேயே ஓர் ஊரில் சமுதாயக் கூடம் கட்டினோம். கணக்கில் குறையில்லை, தவணையும் தவறவில்லை. ஆனால் தாழ்ந்த கூரையின் கீழ்ப் பங்குனி வெயிலில் ஒரு நாழிகை உட்கார முடியாது. ஊர்க் கூட்டம் இன்றும் வேப்பமரத்தடியிலேயே கூடுகிறது. கூடத்தில் சாக்கு மூட்டைகள் கிடக்கின்றன. "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா" என்றார் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர். நாங்கள் தலைகுனிந்தோம்.

ஆகவே, இனிமேல் கட்டிடம் என்ற பேச்சு எழுந்தால் மூன்று காரியங்களை முதலில் செய்வோம். இடம் எது, காற்று எத்திசையில் வரும், எந்த வேளையில் யார் உபயோகிப்பார்கள் என்பவற்றைக் கிராம சபையில், பெண்களையும் ஆசிரியர்களையும் கேட்டு எழுதி வைப்போம். நம் ஊரில் கிடைக்கும் மண், கல், ஓடு, கைத்தொழில் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பொறியாளர் முன் வைப்போம். மண் என்பதாலேயே தாழ்வும் இல்லை, உயர்வும் இல்லை. தகுந்த சோதனையும் நல்ல கூரையும் இன்றி அதை நம்புவதும் தவறு. மூன்றாவதாக, கட்டி முடித்தபின் பெருக்கவும் பழுது பார்க்கவும் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் அன்றே முடிவு செய்வோம்.

விதிகளும் மதிப்பீடும் எங்களிடம் இருக்கின்றன. வெயிலையும் மழையையும் ஊர் வழக்கத்தையும் அறிந்தவர்கள் நீங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கூடத்தின் கதவு நாள்தோறும் திறக்கும். மதிப்பீட்டுத் தாளை நாங்கள் விரிக்கும் முன்பே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கேட்க நாங்கள் மறந்தால் நினைவூட்டுங்கள்.