மலையேறிய குடும்பமும் வீட்டில் நின்ற தாயும்

(நெல்லித்தோப்பில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாட்டில் ஆறாண்டுகள் வாழ்ந்து மீண்ட எம் குடும்பத்தார், அங்கே கண்டவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். அந்நாட்டுச் சம்பளத்தைப் பற்றியும் சாமான்களைப் பற்றியும் பேசுவார் பலர் உளர். யாம் எமது ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேச எண்ணுகின்றோம். அவற்றுள் எம்முடைய தவறு ஒன்றும் அடங்கியிருக்கின்றது. அதனைச் சபையில் ஒப்புக்கொள்வது பிறருக்குப் பயன்படுமென்று நம்புகின்றோம்.

1962ஆம் ஆண்டில் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களுள் எமதும் ஒன்று. அவ்வழியில் கிடைத்த உத்தியோகத்தின் பொருட்டு ரெயுனியோன் தீவிற்குச் சென்றோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்துமாக்கடலில் எழுந்து நிற்கும் அத்தீவின் பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர். 1848 டிசம்பர் 20ஆம் நாள் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவரைக் கப்பலேற்றினர். 1861ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலிருந்தும் ஆட்கள் சென்றனர்; 1882இல் ஆங்கில அரசாங்கம் அதனை நிறுத்திற்று. அவர்களுடைய சந்ததியார் இன்று பிரஞ்சும் கிரெயோல் மொழியும் பேசுகின்றனர். ஆயினும் சந்தையில் முருங்கைக் கீரையை ‘முருங்’ என்றே கேட்டு வாங்குகின்றனர். முதல் வாரத்திலேயே அச்சொல்லைக் கேட்ட எம் மனைவியார் கண்கலங்கினார்.

கோரிமேட்டின் செம்மண் ஏற்றத்தையே மலையென்று கருதி வளர்ந்தவர் யாம். அத்தீவிலோ கடற்கரையை விட்டு நீங்கினால் எங்கும் மலையே. பித்தோன் தெ நேழ் என்னும் சிகரம் 3,070 மீட்டர் உயரமுடையது. நமது ஆனைமுடியினும் உயர்ந்தது. எரிமலையாகிய பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் 2,632 மீட்டர். ஏறக்குறைய நீலகிரியின் தொட்டபெட்டா அளவு என்று கொள்க. சலாசி, சிலாவோஸ், மஃபாத் என மூன்று பெரும் மலைப்பள்ளங்கள் செங்குத்தான சுவர்களுக்கு நடுவே அமைந்துள்ளன. இவற்றுள் மஃபாத்துக்குச் செல்ல வண்டிப்பாதை இல்லை. கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் செல்லல் வேண்டும். தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. இம்மலைகளும் பள்ளங்களும் 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அத்தீவினர் ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்குள் கழிப்பது அரிது. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரு குடும்பமே பெரிய பாத்திரங்களோடு மலைக்கோ கடற்கரைக்கோ புறப்பட்டு, மரநிழலில் அடுப்பு மூட்டிச் சோறும் கறியும் சமைத்துண்ணும். முற்பகல் கழிவதற்குள் கடலிலிருந்து மேகம் எழுந்து சிகரங்களை மூடிவிடுமாதலால், மலையேறுவோர் விடியுமுன்னரே புறப்படுவர். இதனைக் கண்டு யாமும் அவ்வழக்கத்தை மேற்கொண்டோம். மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்குப் பதினொன்று. வாரந்தோறும் ஒரு பாதை. பிள்ளைகளின் கால்கள் உறுதிப்பட்டன. வாரமுழுதும் தொலைக்காட்சியின் முன் ஊமைகளாய் இருந்தவர்கள் மலைப்பாதையில் வாய் ஓயாது பேசினர். யாமும் நல்ல தகப்பன் என்று எம்மை மெச்சிக்கொண்டோம்.

இவ்வாறு இரண்டாண்டுகள் சென்றன. ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை’ என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை எழுதி வந்தாள். மலையையும் மேகத்தையும் அழகுற வருணித்திருந்தாள். முடிவில், “நாங்கள் நால்வர். மலைக்குப் போகிறவர்கள் மூவர். அம்மா மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டித் தருவார். நாங்கள் திரும்பி வந்ததும் சேறு படிந்த துணிகளைத் துவைப்பார். அம்மாவுக்கு மலை பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது,” என்று எழுதியிருந்தாள்.

அன்பர்களே! அதனைப் படித்தபோது எமக்குச் சினமே முதலில் தோன்றிற்று. வீட்டுச் செய்தியை வெளியில் எழுதலாமா என்று அதட்டினோம். இரவு படுத்தபின்னரே நாணம் வந்தது. இரண்டாண்டுகளில் ஒருமுறையேனும் “நீயும் வருகின்றாயா?” என்று யாம் கேட்டதில்லை. அவர் வர விரும்பார் என்று யாமே தீர்மானித்திருந்தோம்.

மறுநாள் கேட்டோம். “சேலை கட்டிக்கொண்டு எப்படி ஏறுவது? முழங்கால் வலிக்கும். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? நான் வந்தால் சோறு யார் கட்டுவது?” என்று நான்கு காரணங்களைச் சொன்னார். முதல் மூன்றுக்கும் விடை எளிதாயிருந்தது. நல்ல பாதரட்சையும் ஊன்றுகோலும் வாங்கினோம். உடைக்கு மகள் வழி சொன்னாள். பார்ப்போர் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப்பட்டவரெல்லாம் வணக்கம் கூறியே சென்றனர். நான்காவது காரணமே கடினமானது. ஏனெனில் அதற்கு யாம் மாறவேண்டியிருந்தது. சனிக்கிழமை இரவே மகன் முட்டை வேகவைப்பது, யாம் தயிர்ச்சோறு பிசைவது, மகள் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவது, திரும்பியபின் அவரவர் துணியை அவரவர் துவைப்பது என்று ஏற்பாடு செய்தோம். முதன்முறை எமது தயிர்ச்சோற்றில் உப்பில்லை. எவரும் குறை கூறாமல் உண்டனர்.

எரிமலையே அவருடைய முதல் மலையாயிற்று. பெல்கோம்பு விளிம்பிலிருந்து 500க்கு மேற்பட்ட படிகள் இறங்கி, கறுத்து உறைந்த குழம்பின் மேல் வெள்ளைச் சாயக் குறிகளைப் பின்பற்றி நடக்கவேண்டும். மலை கனலத் தொடங்கினால் அதிகாரிகள் வாயிலை மூடிவிடுவர். 2007 ஏப்ரலில் உச்சிப்பள்ளத்தின் தரை ஏறக்குறைய 300 மீட்டர் ஆழம் அமிழ்ந்துபோன இடம் அது. அன்று யாம் உச்சிக்குச் செல்லவில்லை. போர்மிக்கா லேயோ என்னும் சிறு செங்குன்றோடு நின்றோம். எம் மனைவியார் சூடாறிய கல்லொன்றைத் தொட்டுப் பார்த்து, “அடுப்படியில் இருபது வருஷம் நின்றேன், இவ்வளவு பெரிய அடுப்பைப் பார்த்ததில்லை,” என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நெடுநாளாயிற்று என்பதனையும் அன்றே உணர்ந்தோம்.

பிறகு சலாசியிலிருந்து கணவாயைக் கடந்து மஃபாத்துக்குள் இறங்கி, லா நுவேல் என்னும் சிற்றூரில் ஓர் இரவு தங்கினோம். அங்கே நம் சௌசௌக் கொடியின் இளந்தளிரைக் கீரையாகச் சமைத்துப் பரிமாறினர். காயை மட்டும் அறிந்திருந்த எம் மனைவியார், அவ்வீட்டு மூதாட்டியிடம் சென்று, பாதி பிரஞ்சிலும் பாதி சைகையிலும் அதன் பக்குவத்தைக் கேட்டறிந்தார். அத்தீவில் அவராகச் சென்று அயலாரோடு பேசியது அதுவே முதன்முறை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மழைக்காலம் தொடங்கும் டிசம்பரில் ஒருநாள் ஓர் ஓடையைக் கடக்கவேண்டியிருந்தது. நீர் கணுக்காலளவே. உச்சியில் மேகம் கறுத்திருந்தது. ‘கடந்துவிடலாம்’ என்றோம் யாம். அவரோ ஒரு பாறையில் அமர்ந்து, “இன்றைக்கு இது போதும், பிள்ளைகளை இறக்கமாட்டேன்,” என்றார். மகனுக்கும் எமக்கும் மனத்தாங்கல். அரைமணி நேரத்திற்குள் ஓடை செந்நீராய்ப் பெருகிக் கற்களை உருட்டிக்கொண்டு வந்தது. 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்து, உலகத்திலேயே அதிகமென்று பதிவான தீவு அது. எமக்கு அக்கணக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கணக்கறிந்த யாம் வானத்தைப் பார்க்கவில்லை, அவர் பார்த்தார். அவர் அன்று எம்முடன் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதனை இன்றும் எண்ணத் துணியோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பாரீசிலும் பிற நகரங்களிலும் நம் பிள்ளைகள் பலர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அயல்நாட்டில் தனித்துத் துன்புறுபவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் தாய்மாரே. கணவனுக்கு உத்தியோகத் தோழருண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளித் தோழருண்டு. அவருக்குச் சுவர்களே துணை. வாரத்தில் ஒருநாள் அவரையும் அழைத்துக்கொண்டு நடவுங்கள் என்று அவர்களுக்கு எழுதுங்கள்.

நெல்லித்தோப்பில் மலையில்லையே என்பீர்கள். செஞ்சி மலை இருக்கின்றது. காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் இராஜகிரியில் ஏறத் தொடங்கலாம். நமது சங்கத்தின் உல்லாசப் பயணங்களில் ஆடவர் ஊர் சுற்றிவர, பெண்டிர் ஓரிடத்தில் அமர்ந்து பந்திக்குச் சமைப்பதை யாவரும் அறிவோம். அடுத்த பயணத்தில் இலைச்சாப்பாட்டை விடுத்துக் கட்டுச்சோறு கொள்வோம். அதனை ஆடவரே கட்டி ஆடவரே சுமப்போம். தாய்மார் முன்னே ஏறட்டும். இஃது எமது தாழ்மையான பிரேரணை.

உப்பைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: தயிர்ச்சோற்றை முதல்நாளிரவே ருசி பார்த்துவிடுதல் நலம்.