குடியை விட நினைப்பவர் கூடும் இடம்

(புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடியைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் பின்வரிசையில் இருவர் எழுந்திருப்பது தெரிகின்றது. யாரையும் திட்டப் போவதில்லை, உட்காருங்கள்.

தோட்டப் பாட்டாளி குடியை எதிர்த்து நின்றது இன்று நேற்றல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். 1947-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் சம்சு போகவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைப்புக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள்.

கடையின் முன் மறியல் செய்யலாம். விடியற்காலையில் கை நடுங்கிக்கொண்டு பிரட்டுக்கு வருகின்றானே, அவனுக்கு எதைச் செய்வது? அவனும் விடத்தான் விரும்புகின்றான். மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்கின்றான். மூன்று வாரம் நிற்கின்றான். நாலாம் வாரம் சம்பளம். அவனைச் சுற்றி இருப்பவர்கள் இரண்டே வகை: கூடக் குடிப்பவர், ஏசுபவர். குடித்து, விட்டு, விட்டபடியே வாழும் ஒருவனை அவன் கண்ணால் கண்டதில்லை.

1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் ஊரில் பங்குத் தரகர் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். வேலையாக அந்த ஊருக்கு வந்த வில்சன், குடிக்கும் ஆசை மேலிட்டபோது, இன்னொரு குடிகாரனிடம் பேசினால்தான் தப்ப முடியும் என்று தேடிப் போனார். அப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று பொருள். குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951-இல் அல்-அனான் என்ற தனி அமைப்பும் தோன்றியது. தாய்மார்களே, கணவர் வர மறுத்தாலும் நீங்கள் அங்கே போகலாம்.

கூட்டத்தில் என்ன நடக்கும்? ஒருவர் தம் கதையைச் சொல்வார். மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். பேச மனமில்லையா, சும்மா இருக்கலாம். சந்தா இல்லை, விரும்பியதைப் போட ஒரு பை சுற்றி வரும். விட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் தகுதி. ஆயுள் முழுதும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் கேட்க மாட்டார்கள்; இன்று ஒரு நாள் என்பதே கணக்கு. தெய்வத்தைப் பற்றிய பேச்சும் அங்கே வரும். ஆனால் அவரவர் உணர்ந்த வண்ணம் என்று விட்டுவிடுகின்றார்கள். சாமி கும்பிடாத தோழர்கள் இதைக் காரணம் காட்டி நழுவ வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. பல வருடம் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். வீட்டுக்குள் பூட்டி வைத்து நிறுத்துவது ஆபத்து. முதலில் கோலசிலாங்கூர் சுகாதார நிலையத்துக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ போய், எவ்வளவு குடிக்கின்றோம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியால் கணவரை இழந்த பின் 1980-இல் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலும், மருத்துவத்தோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. மருந்து நடுக்கத்தை அடக்கும். அடுத்த சம்பளத் தினத்துக்குத் துணை வேண்டும்.

கூட்டங்கள் கோலாலம்பூர்ப் பக்கம் நடக்கின்றன. இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். கைத்தொலைபேசி வழியாகவும் நடக்கின்றன. தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கின்றன. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், விட விரும்பும் இருவர் மூவர் கூடினாலே ஒரு குழு என்பது அவர்களுடைய மரபு. புக்கிட் ரோத்தானில் இருவர் கிடைக்க மாட்டார்களா?

அப்படியானால் நம் சங்கமே நடத்தலாமே என்று கமிட்டியில் கேட்டார்கள். கூடாது. வெளியார் பணத்தை அவர்கள் வாங்குவதில்லை. எந்த அமைப்போடும் சேர்வதில்லை. கிராணிமார்களாகிய எங்களுக்கு ரசீதும் பதிவேடும் இல்லாமல் தூக்கம் வராது. இங்கே அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி வைக்க வேண்டும். லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். தோட்ட மண்டபத்தில் கூட்டம் வைத்தால் யார் உள்ளே போனார் என்பது மறுநாள் பால் நிறுக்குமிடத்தில் பேச்சாகிவிடும். மண்டோர் காதுக்கும் போகும். ஆகவே இடம் தோட்டத்துக்கு வெளியே, டவுனில் இருக்கட்டும்.

சங்கம் செய்யக்கூடியது மூன்று. போக வர வண்டி. சிகிச்சைக்குப் போகிறவருக்கு விடுப்புக் கேட்டு நிர்வாகத்திடம் வாதாடுவது. வாய் திறக்காமலிருப்பது. மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம்.

வர எண்ணுபவர் காரியதரிசியிடமோ மாதர் பகுதித் தலைவியிடமோ தனியே சொன்னால் போதும். கமிட்டிக் குறிப்பில் பெயர் எழுதப்பட மாட்டாது.